கடைசி இடத்துக்காரன் உட்காரக்கூடாது

பிரகாசு,

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். அப்பனுக்கும் மகனுக்கும் அந்த வியாதி உண்டு. ஒருவனை நோகடித்துவிட்டு, அவன் போன பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வியாதி. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இன்னும் இருபத்தொரு நாளில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வது, மாமனார் வீட்டில் எவ்வளவு பேசுவது என்றெல்லாம் இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது, அதற்கு உன் அம்மா இருக்கிறாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு காரியம்தான். அது கேவலமான காரியம். அதை நான் சொல்லிக்கொடுக்காமலே நீ கற்றுக்கொண்டுவிட்டாய் என்பது வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம் நீ தனியாக எடுத்திருக்கிற ரூமிலிருந்து போன் செய்தபோது நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைக் கவர்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். கையில் பசை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். உனக்கு அது தெரியாது. "அப்பா, லீக்ல ஒரு டவுட்டு. கடைசி வாரம் இசக்கிமுத்து ஒரு பிளேயரை மாத்தணும்னு கேன்டீன்ல வந்து சொன்னான். டைமுக்குள்ளதான் சொன்னான். நோட்ல கடைசிக் கணக்க இன்னும் ஏத்தல. ஆனா அப்ப ஒரே சத்தம், பக்கத்துல யாரும் கேக்கல. என் காதுல உழலன்னு நோட்ல எழுதிட்டா இன்னா ஆவும்?" என்றாய். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "எழுதலன்னா நான்தாம்பா கடைசி. வருஷம் பூரா பஸ்ல நிக்கணும். எங்கீழ வேலை செய்றவன்லாம் ஒக்காந்துகினு வருவான், சூப்பர்வைசர் நான் கம்பியப் புடிச்சிகினு நிக்கணும். மச்சான் வேற அதே பஸ்ல வரான்" என்றாய். அப்புறம் சிரித்தாய். "நீங்க செல்லப்பாண்டி மாமாவுக்குச் செஞ்சீங்களே, அதே மாதிரிதான்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்ததும் உன் அம்மா எழுதிக்கொண்டிருந்த கவரைத் தள்ளி வைத்தாள். "உங்கள மாதிரியே பேசுறான். குரல் கூட அப்படியே கீது" என்றாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ முறை என்னைத் திட்டியிருக்கிறாள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் என் வாயால் கேட்டது, அதில் பாதி புளுகு. நான் வடசென்னைக்காரன். எங்கள் தெருவில் ஒரு பந்தை இருபது பேர் உதைப்போம். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்டராக வேலை கிடைத்து ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்த பிறகு பந்து போய்விட்டது, பந்தாட்டம் பார்க்கிற பைத்தியம் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் என்னைப் போல இங்கிலாந்து ஆட்டங்களை டிவியில் பார்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர் தேறினார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தோம். ஆளுக்குப் பதினொரு பேர் கொண்ட அணி. நிஜ ஆட்டக்காரர்களில் நமக்குப் பிடித்தவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. அங்கே மழையில் எவனோ ஓடுவான், இங்கே வல்லம் வடகால் சிக்னலில் பஸ் நிற்கும்போது நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். புள்ளிக் கணக்கை நான் ஒரு நீள நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டைத்தான் போன வருஷம் நான் ஓய்வு பெற்றபோது எல்லோரும் கை தட்டி உன்னிடம் கொடுத்தார்கள்.

காசு வைத்து ஆடவில்லை. அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. ஆனால் தோற்றவனிடமிருந்து எதையாவது பிடுங்கினால்தான் ஜெயித்தவனுக்கு ருசி. காசைப் பிடுங்கக்கூடாது என்று ஆகிவிட்டதால் மானத்தைப் பிடுங்கினோம். நம் அணியில் இருக்கிற ஆட்டக்காரன் சொந்த கோலிலேயே பந்தைப் போட்டுவிட்டால், திங்கட்கிழமை சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அது சும்மா விளையாட்டு, டிரைவர்கூட சிரிப்பார். அணியில் ஆளை மாற்ற வேண்டுமென்றால் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் நோட்டு வைத்திருப்பவன் காதில் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். மெசேஜ் செல்லாது, ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினால் செல்லாது. ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால் வந்த விதி அது. பிறகு எல்லாருக்கும் எல்லா வசதியும் வந்தும் அதை நாங்கள் விடவில்லை. காரணம் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது என்று ஒரு விதி. ஓ.டி. இருந்தது, ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊரில் சாவு, எதுவும் எடுபடாது. கடைசி விதி நான் போட்டது. சீசன் முடிவில் கடைசியாக வருகிறவன் அடுத்த சீசன் முடிகிற வரை பஸ்ஸில் உட்காரக்கூடாது. போகும்போதும் வரும்போதும். பஸ் காலியாக இருந்தாலும்.

நாள் முழுக்க சீட் தைத்துவிட்டு வருகிறவனை உட்காரவிடாமல் செய்வது என்கிற யோசனை எனக்கு வந்த அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் வருஷம் கடைசியாக வந்தது பேக்கிங்கில் இருந்த ஒரு குண்டு மனிதர். வளைவுகளில் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதைப் பார்த்து பஸ்ஸே கூத்தாடும். அவரும் சிரித்தார். அந்த வருஷம் முடிந்ததும் லீக்கையும் விட்டார், பஸ்ஸையும் விட்டார், மழையோ வெயிலோ பைக்கில் வந்தார். நாங்கள் அதற்கும் சிரித்தோம். அவர் இடத்துக்கு வந்தவன்தான் செல்லப்பாண்டி.

சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பிரஸ் ஷாப்பில் இருந்தான். என்னைவிட பத்து வயது சின்னவன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வரும்போது உனக்கு முறுக்கும் காரச் சீவலும் பாலிதீன் பை நிறையக் கொண்டுவருவானே, அது ஞாபகம் இருக்கும், தின்றவன் நீ. அவனுக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிற உபத்திரவம் இருந்தது. எட்டு மணி நேரம் பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும். கேன்டீனில் பேன்ட்டை மடித்துக்கொண்டு துணிக்கட்டை இறுக்கிக் கட்டுவான். எதிரில் உட்கார்ந்து நான் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும். அந்தக் கட்டை நான் தினமும் பார்த்தேன்.

நீ பிளஸ் ஒன் படித்த வருஷம். கடைசி வாரம் வந்தபோது பட்டியலின் அடியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எனக்கும் அவனுக்கும் மூன்று புள்ளி வித்தியாசம். அவன் முன்னால், நான் பின்னால். விதியைப் போட்டவனே அதில் மாட்டப்போகிறான் என்று பஸ்ஸில் ஒரே கொண்டாட்டம். எனக்கு வெறுப்பு ஏறிவிட்டது. அந்த வாரம் அவன் அணியில் கோல் அடிக்கிற ஆளுக்குக் காலில் அடிபட்டு, ஆட மாட்டான் என்று சனிக்கிழமை காலையில் செய்தி வந்தது. அவனை மாற்றாவிட்டால் செல்லப்பாண்டிக்கு அந்த இடத்தில் பூஜ்யம். பன்னிரண்டு மணியிலிருந்து என் போன் அடித்தது. அவன் பெயர் திரையில் தெரிந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். ஐந்து தடவை அடித்து நின்றது. ஒன்றே முக்காலுக்கு அவனே வந்துவிட்டான். நமது மாடிப் போர்ஷனுக்கு எத்தனை படி என்று உனக்குத் தெரியும். அந்தக் காலோடு ஏறி வந்து கதவைத் தட்டினான். கதவைத் திறக்கப் போன உன்னை நான் சமையல்கட்டிலிருந்து பார்த்துக் கையை ஆட்டினேன். இல்லை என்று சொல் என்று. நீ சொன்னாய். "அப்பா வெளிய போயிருக்காருங்க மாமா." தயங்காமல் சொன்னாய். நான் உள்ளே இருந்து அதை மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் போகவில்லை. "வரட்டும் தம்பி, நா இங்கனயே இருக்கேன்" என்று சொல்லி மேல் படியில் வெயிலில் உட்கார்ந்துவிட்டான். நீ கதவைச் சாத்திவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் வாயில் விரலை வைத்தேன். மிக்ஸியில் சட்னி அரைக்கப் போன அம்மாவை வேண்டாம் என்று தடுத்தேன். மூன்று பேரும் சொந்த வீட்டில் திருடர்களைப் போலச் சத்தம் போடாமல் நின்றோம். "ஒரு தம்ளர் தண்ணியாவது குடுத்துட்டு வரேன்" என்றாள் அம்மா. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு அடித்தது. இரண்டு பத்துக்கு அவன் கதவுக்குப் பக்கத்தில் வந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "தம்பி, நா வந்து சொன்னேன்னு அப்பாட்ட சொல்லிருப்பா" என்று மாற்ற வேண்டிய ஆட்டக்காரன் பெயரையும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கிய சத்தம் கேட்டது. நீ என்னிடம், "ரெண்டு மணிக்கு முன்னாடியே வந்தாருப்பா, அப்ப செல்லும்ல?" என்றாய். நல்ல கேள்வி. அன்று உன்னிடம் இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. "எங்காதுல உழல. அவ்ளோதான்" என்றேன். அதற்குப் பிறகு நீயும் நானும் சிரித்தோம்.

அவன் சொன்ன ஆட்டக்காரன் அன்று இரண்டு கோல் அடித்தான். நோட்டில் அது ஏறவில்லை. ஒரு புள்ளியில் செல்லப்பாண்டி கடைசி. திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்குத் தேரடியில் பஸ் வந்தது. அவன் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து ஏறினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாதாடவில்லை. என் சீட்டுக்கு நேராக வந்து மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரகடம் வரைக்கும் நாற்பது நிமிஷம். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம். ஷிஃப்ட் முடிந்து திரும்பி வரும்போது மறுபடியும். முதல் சில வாரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, பிரகாசு. யாரிடமும் சொன்னதில்லை. நிற்க வேண்டியவன் நான், நிற்பவன் அவன், யாருக்கும் தெரியாது. ஜன்னல் காற்றே வேறு மாதிரி இருந்தது. ஐப்பசி வாக்கில் அவன் காலை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தான். தை மாதம் கணுக்காலுக்கு மேல் புண் வந்துவிட்டது, அதிலிருந்து நீர் வடிந்து சாக்ஸ் ஒட்டிக்கொள்ளும். பங்குனியில் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோரில் அட்டை மடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். கை வேலை தெரிந்த மனிதன். யாராவது உட்காரச் சொன்னால், "விதின்னு ஒண்ணு இருக்குல்லா" என்பான். என்னைப் பார்த்துத்தான் சொல்வான்.

ஒரு வருஷம் முடிந்தது. அடுத்த சீசனில் அவன் நான்காவதாக வந்தான், வேறு ஒருவன் கடைசி. இனி இவன் உட்கார்ந்துவிடுவான், என் பக்கத்திலிருந்து ஒழிந்தான் என்று நான் மூச்சு விட்டேன். அந்தத் திங்கட்கிழமையும் அவன் ஏறி வந்து அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்கு நேராக நின்றான். "இன்னாபா, பழக்கமாயிடுச்சா?" என்று பஸ்ஸில் கலாட்டா செய்தார்கள். "ஆமாண்ணே, ஒக்காந்தா தூக்கம் வருது" என்றான். செவ்வாயும் நின்றான். மாதக்கணக்கில் நின்றான். நான் பின் சீட்டுக்குப் போனேன், அங்கே வந்து நின்றான். டிரைவருக்குப் பின்னால் போனேன், அங்கேயும் வந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சாவடிக்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கம்பெனி அவனைக் கணக்கு முடித்து அனுப்புகிற வரை மேலும் ஐந்து வருஷம் அப்படித்தான் போனோம். அவன் போன அன்று நான் வீட்டுக்கு ஜிலேபி வாங்கி வந்தேன். எதற்கு என்று நீ கேட்டாய். சும்மா என்றேன்.

வியாழக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். வல்லம் வடகாலில் கம்பெனிப் பையன்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று விசாரித்து வைத்திருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் இடது காலைத் தூக்கி வைத்திருந்தான். முழங்கால் வரை கட்டு. என்னைப் பார்த்ததும் காலை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். "ஒக்காரு செல்லப்பாண்டி" என்றேன். "இருக்கட்டும்ணே" என்றான். நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் உட்காரவில்லை என்று எழுத ஆசைதான். மூட்டு வலி. உட்கார்ந்துவிட்டேன். பழைய மாதிரியே நான் உட்கார்ந்திருக்க அவன் நின்றான்.

"அன்னிக்கி நீ வந்தப்போ நான் வூட்லதான் இருந்தேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தெரியும்ணே. ஒங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சுல்லா."

"தெரிஞ்சிகினே ஏன்பா யார்கிட்டயும் சொல்லல? நோட்டப் புடுங்கிக் கிழிச்சிருக்கலாமே. என்னை நாலு அறை உட்ருக்கலாமே."

"சொன்னா நீங்க இல்லம்பிய. பஸ்ல இருக்கவன்லாம் ஒங்க ஆளுவ. சிரிச்சிட்டுப் போயிருவானுவ." காலை மாற்றி வைத்தான். "ஒங்க முன்னால வந்து நின்னா, ஒரு நா இல்லாட்டி ஒரு நா எந்திரிச்சிருவியன்னு நெனச்சேன். எப்ப எந்திரிக்கியன்னு பாத்துகிட்டே வந்தேன். மொத வருசம் முழுக்கப் பாத்தேன். பொறவு எனக்கே ஒரு இதுவாப் போச்சு, விடக்கூடாதுன்னு. ஆறு வருசம்ணே. ஒரு நா கூட நீங்க எந்திரிக்கவே இல்ல."

என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அழுகையும் வந்தது. இந்த வயதில் சீக்கிரம் வந்துவிடுகிறது, அதற்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. அவன் அழுகை முடிகிற வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதை வச்சு நா என்னண்ணே செய்ய? காலு சரியாயிருமா?" என்றான். கோபமே இல்லாமல் கேட்டான். பிறகு பத்திரிகையை வாங்கிப் பிரித்து உன் பெயரை விரலால் தொட்டுப் படித்தான். "கதவத் தெறந்த தம்பியா? இப்ப என்ன பண்ணுதாப்புல?" என்று கேட்டான். நம் கம்பெனியிலேயே சூப்பர்வைசர், லீக் நோட்டும் அவனிடம்தான் என்றேன். "அப்படியா" என்றான். கல்யாணத்துக்கு வா என்றேன். "நா வர மாட்டேன்ணே. நீங்க எல்லாருமா சேந்து என்னைய சேர்ல ஒக்காரச் சொல்லுவிய, எனக்கு ஒப்பாது" என்றான். நான் கிளம்புகிற வரை நின்றுகொண்டிருந்தான். ரோடு திரும்பும்போது பார்த்தேன், அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இசக்கிமுத்து சொன்னானா இல்லையா என்கிற சந்தேகம் உனக்கே இல்லை. டைமுக்குள் சொன்னான் என்று உன் வாயாலேயே சொன்னாய், நானும் கேட்டேன், அம்மாவும் கேட்டாள். அவன் கான்ட்ராக்ட்டில் இருக்கிறவன். ராத்திரி ஷிஃப்டா, பகல் ஷிஃப்டா, ஓ.டி. உண்டா இல்லையா என்று எழுதுகிற பேனா உன் கையில் இருக்கிறது. நீ அவனை நில் என்றால் நிற்பான், ஏன் என்று கேட்க மாட்டான். நான் செல்லப்பாண்டிக்குச் செய்தபோது நாங்கள் இருவரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். நீ செய்யப்போவது அதைவிடக் கேவலம். என்னைவிட நீ படித்தவன், அதனால் ஒரு படி கீழே இறங்கத் தெரிந்திருக்கிறது. வருத்தப்படு, பிரகாசு. அப்பன் இப்படி எழுதுகிறானே என்று வருத்தப்படு. உன்னை நான் நேசிக்கிறேனா என்று கேட்டால் நேசிக்கிறேன். ஆனால் அன்று கதவைத் திறந்து பொய் சொன்ன பையனை நேசித்தேன் பார், அந்த மாதிரி நேசம்தான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இந்த விதியையே எடுத்துவிடச் சொல்லி உனக்கு எழுதுங்கள் என்றாள் அம்மா. எடுக்கத்தான் வேண்டும், அது மனிதன் போட்ட விதி இல்லை. ஆனால் இப்போது எடுத்தால் அது உனக்காக எடுத்ததாக ஆகும். இசக்கிமுத்து கடைசி என்றால் இருந்திருக்கும், சூப்பர்வைசர் கடைசி என்றதும் போய்விட்டது என்று பஸ்ஸில் பேசுவார்கள், சரியாகத்தான் பேசுவார்கள். நீ ஒரு வருஷம் நின்று முடி. அதற்குப் பிறகு உன் கையாலேயே நோட்டில் அடித்துவிடு. மாலை காய்வதற்குள் மாப்பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறானே என்று எல்லோரும் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிப்பார்கள், நாம் பழக்கிவிட்ட சிரிப்பு. இசக்கிமுத்து எழுந்து, "ஒக்காருங்க சார்" என்பான். பயத்தில் சொல்வான். உட்காராதே.

நீ இதைப் படித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் நோட்டில் உனக்கு வேண்டியதை எழுதிவிடுவாய். எனக்குத் தெரியும், நான் உன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். அதனால் உன்னை நம்பவில்லை. செல்லப்பாண்டி கதையையும், வியாழக்கிழமை நீ பேசியதையும், இந்தக் கடிதம் மொத்தத்தையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, லீக்கில் இருக்கிற மற்ற பதினொரு பேருக்கும் தனித்தனியாக இன்று காலையிலேயே அனுப்பிவிட்டேன். இந்தக் கடைசி பத்தியை மட்டும் சாயந்தரம் உட்கார்ந்து உனக்கு எழுதிச் சேர்க்கிறேன். அந்தப் பதினொரு பேரில் உனக்கு மச்சானாகப்போகிற தினேஷும் உண்டு. இந்தச் சம்பந்தம் முறிந்தாலும் முறியலாம் என்று தெரிந்துதான் அனுப்பினேன். இப்படி அனுப்பப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை, கவர்கள் கூடத்தில் அப்படியே கிடக்கின்றன. எல்லாருக்கும் முன்னால் படித்தது தினேஷ்தான். காலை ஒன்பது மணிக்கே நீல டிக் வந்துவிட்டது. பிறகு இரண்டு முறை ஆன்லைனில் வந்தான், ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது, நின்றுபோனது. இப்போது மணி ஆறு. அவனிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

அப்பா